காலி என்று சொல்வதற்கு முன்

"அப்பா அவ்வளவு கவனமான ஆளு. அன்னைக்கு மட்டும் எப்படிம்மா மறந்தாரு?" என்று போன வாரம் போனில் கேட்டாய். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் அப்போதும் பதில் இல்லை, இப்போதும் இல்லை. இத்தனை வருடமாகக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள் நான். தெரியாததைத் தெரியாது என்று மாணவர்கள் முன்னால் சொல்வதற்கு வெட்கப்பட்டதில்லை. ஆனால் இது அந்த மாதிரித் 'தெரியாது' அல்ல. கேள்வியே தப்பாக அமைந்துவிட்டது. அப்படி அமையச் செய்தவள் நான். நாளைக் காலை தேனியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்குவாய். காபி குடித்ததும் இந்தத் தாள்களை உன் கையில் கொடுப்பதாக இருக்கிறேன். இதைப் படித்த பிறகுதான் நாம் இரண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.

உங்கப்பா இறந்து ஒரு வருடம் ஆகிறது. அப்போது நாம் ஸ்டேஷனில் ஒப்படைத்த அவருடைய பிஸ்டல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. ராணுவத்தில் இருந்தபோது அதிகாரிகள் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம் என்ற அனுமதியில் அவர் வாங்கியது. அதை உன் பெயருக்கு மாற்ற கலெக்டர் ஆபீஸ் உத்தரவு வந்துவிட்டது. இன்னொரு வாரிசான நான் ஆட்சேபணை இல்லை என்று நேரில் கையெழுத்துப் போட்டால் போதும். இரண்டு மாதமாக அந்தத் தாள் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. அம்மாவுக்குத் துப்பாக்கி என்றால் ஆகாது, அதனால் தள்ளிப்போடுகிறாள் என்று நீ நினைக்கிறாய். ஆகாது என்பது உண்மைதான். தள்ளிப்போட்டதற்குக் காரணம் அதுவல்ல.

உனக்குத் தெரிந்த கதையை முதலில் எழுதிவிடுகிறேன். அப்பா முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு திராட்சைத் தோட்டத்துக்கு வந்த மறு வருடம். ஆயுத பூஜை. உனக்குப் பத்து வயது. கூடத்தில் கொடி வெட்டும் கத்தரி, மருந்தடிக்கும் தெளிப்பான், அரிவாள் எல்லாம் வரிசையாக இருந்தன. பக்கத்தில் உன் பாடப் புத்தகங்களும் என் புத்தகங்களும் ஒரே அடுக்காக. அடுக்குக்கு அருகே பலகையில் சிவப்புத் துணி விரித்து அப்பாவின் பிஸ்டல். பிஸ்டல் வெடித்தது. குண்டு உன் புவியியல் நோட்டில் நுழைந்து, அட்லஸைத் துளைத்து, நான் எம்.எஸ்ஸி.யில் வைத்திருந்த ஒளியியல் புத்தகத்தின் நடுவில் போய் நின்றது. பறவை விரட்டத் தோட்டத்தில் யாரோ வெடி போடுகிறார்கள் என்று ஊர் நினைத்தது. ஓடி வந்தது பக்கத்து வீட்டு மூன்று பேர்தான். அவர்கள் வந்தபோது பிஸ்டல் அப்பா கையில் இருந்தது. "நாந்தான். உள்ள குண்டு இருக்கான்னு சேம்பரப் பாக்காம விட்டுட்டேன்" என்றார். அவ்வளவுதான் கதை. ஆனால் நம் ஊருக்கு அது எத்தனை நாள் தீனி! சலூனில், டீக்கடையில், கூட்டுறவு சங்கத்தில், 'சரஸ்வதியச் சுட்ட மேஜர்' என்று அவருக்குப் பெயரே ஆகிப்போனது. உன் அத்தை சும்மா இருப்பாளா? சொந்தத் தம்பி ஆயிற்றே. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சின்னமனூரிலிருந்து வந்து இறங்கும்போதே வாசலில் நின்று குரல் கொடுப்பாள்: "ஏத்தா, புத்தகத்தையெல்லாம் எடுத்து உள்ள வையிங்க, மேஜரு வர்றாக!" அவர் சிரித்துக்கொண்டே அவள் பையை வாங்கிக்கொள்வார்.

நீ ராணுவத்துக்குப் போகிறேன் என்றபோது நான் எதிர்த்ததை நீ மறந்திருக்க மாட்டாய். உன் நேர்முகத் தேர்வுக் கடிதத்தை இரண்டு நாள் என் ஆய்வக அலமாரியில் வைத்திருந்து, மூன்றாம் நாள்தான் கொடுத்தேன். தபால் தாமதம் என்றேன். இல்லை, நான்தான். இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெண் என்பதால் தடுக்கிறேன் என்று என்னோடு சண்டை போட்டாய். உன் கையில் ஒரு பிஸ்டலைக் கற்பனை செய்யும்போதெல்லாம் எனக்கு அந்தப் புவியியல் நோட்டு நினைவுக்கு வந்தது என்பதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்?

பிறகு சென்னைப் பயிற்சி அகாதெமியிலிருந்து உன் கடிதங்கள் வரத் தொடங்கின. துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுப்பது என்றால் குறி பார்க்கக் கற்றுக்கொடுப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். நீ எழுதியதோ வேறு. நாள் கணக்காகக் குண்டே கொடுக்கவில்லை என்றாய். காலிப் பிஸ்டலை எடு, பார், வை. மறுபடி எடு, பார், வை. ஒரு பெண் மேஜையில் வைத்ததை அடுத்த நிமிடமே எடுத்து, "இப்பத்தான் பார்த்தேன், காலி" என்று சொல்லிவிட்டாளாம். உங்கள் உஸ்தாத், பயிற்சி தருகிற அந்த ஹவில்தார், உங்கள் எல்லோரையும் மைதானம் முழுக்க உருள வைத்துவிட்டு இந்தியில் சொன்னதை நீ தமிழில் எழுதியிருந்தாய்: 'நான் உன் ஞாபகத்தைக் கேக்கல. உன் கண்ணைக் கேக்கறேன்.' அந்த வரியைப் படித்துவிட்டு அன்று பிற்பகல் வகுப்புக்குப் போகாமல் ஆசிரியர் அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். வெர்னியர் அளவியைக் கையில் எடுத்தால் முதலில் பூஜ்ஜியப் பிழையைப் பார், நேற்றுப் பார்த்தது இன்றைக்கு உதவாது என்று வருடாவருடம் முதலாண்டு மாணவர்களிடம் கத்துகிறவள் நான். சந்தேகப்படுவது படித்தவர்களின் குணம் என்ற கர்வம் எனக்கு உண்டு. நான் ஒருபோதும் பார்க்காத ஒரு ஹவில்தார் அதை என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். அதுமட்டுமல்ல, உடம்பில் பதியவும் வைத்துவிட்டார்.

முதல் விடுப்பில் நீ வந்தபோது தினமும் காலையில் தண்ணீர் நிரப்பிய செம்பைப் பிடித்து, கையை நேராக நீட்டிச் சுவரைப் பார்த்து நிற்பாய். அத்தை அப்போது இங்கே இருந்தாள். "ஏத்தா, அந்தத் தண்ணியக் குடிக்கப் போறியா, இல்ல சுவத்துக்கு நேந்துக்கிட்டியா?" என்றாள். நீ உதட்டைக்கூட அசைக்கவில்லை. நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீட்டிய கை நடுங்காமல் இருக்க முடியாது. மூச்சும் நாடித் துடிப்பும் அதை ஆட்டிக்கொண்டே இருக்கும் என்பது எனக்குத் தெரியும். செம்பின் விளிம்பில் தண்ணீர் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. நீ பாதி மூச்சை விட்டு நிறுத்தினாய். தண்ணீரும் நின்றது. குண்டு எப்போது கிளம்பும் என்று சுடுகிறவளுக்கே தெரியக் கூடாது, விரல் அவ்வளவு மெதுவாக அழுத்த வேண்டும் என்று பிறகு சொன்னாய். ஸ்பூனைக் கையில் கொடுத்தால் தரையெல்லாம் சிந்துகிற பிள்ளை நீ. அந்தக் கையா இது என்று எனக்குப் பிரமிப்பாக இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. உனக்குத் தெரியும், நான் எதையும் சட்டென்று சொல்கிறவள் இல்லை. "இட்லி ஆறுது" என்றேன்.

அன்று மாலை அப்பா பீரோவைத் திறந்து தன் பிஸ்டலை எடுத்து வந்தார். மேகசினை, அந்தக் குண்டுப் பெட்டியைக் கழற்றினார். மேல்பாகத்தை இழுத்துப் பூட்டினார். திறந்த இடைவெளிக்குள், குண்டு உட்காரும் சேம்பரைப் பார்த்தார். உன்னிடம் நீட்டி, "காலி" என்றார். இந்த வீட்டில் அவர் சொல்லை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. நீ வாங்கினாய். குழல் முனையைச் சுவர்ப் பக்கம் திருப்பினாய். ஜன்னல் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தாய். சுண்டு விரலை நுழைத்துத் தடவினாய். மறுபடி பார்த்தாய். அதன் பிறகுதான், "காலி" என்றாய். அப்பாவின் முகத்தை அன்று நான் பார்த்தேன். தன் வார்த்தையைத் தன் மகளே நம்பவில்லை என்பதில் ஒரு மனிதன் அவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்பதை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. "நல்லாப் பழக்கியிருக்காக" என்றார். நீ சிரித்துக்கொண்டே, "அன்னைக்கு நீங்க இப்படிப் பாத்திருந்தா என் ஜியாகரபி நோட்டு பொழச்சிருக்கும்ப்பா" என்றாய். அவரும் சிரித்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் திரும்பியிருந்தால் நான் அன்றைக்கே சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். இல்லை, இதுவும் என் சௌகரியத்துக்கு நான் நினைத்துக்கொள்வது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த ஆயுத பூஜையன்று காலை அப்பா பிஸ்டலைச் சரியாகத்தான் வைத்தார். மேகசினைக் கழற்றி, உள்ளே விரல் விட்டுப் பார்த்து, காலிப் பிஸ்டலைப் பலகையில் வைத்தார். குண்டுகளோடு இருந்த மேகசினைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் தந்தார். தோட்டத்து மோட்டாருக்குச் சந்தனம் வைக்கப் போனார். அத்தை அடுக்களையிலிருந்து பொரி எடுக்க வந்தவள் பலகையைப் பார்த்தாள். கைப்பிடிக்குள் மேகசின் இல்லாமல் பொத்தலாக இருந்தது. "என்னத்தா இது, பூசைக்கு வைக்கிற பொருளு மூளியாவா இருக்கும்? பல்லு போன வாயி மாதிரி கெடக்கு" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அந்தப் பூஜையில் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லாததால்தான் செய்தேன். அவளோடு வாதாடுவதைவிட ஒரு மேகசினைப் போட்டுவிடுவது சுலபம். இடுப்பில் இருந்த சாவியால் பீரோவைத் திறந்து அதை எடுத்து வந்தேன். கைப்பிடிக்குள் தள்ளினேன். 'டக்' என்று உட்கார்ந்தது. காலிப் பிஸ்டலைத் துடைத்து முடிக்கும்போதெல்லாம் அவர் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து விடுவதைப் பார்த்திருக்கிறேன். அது மூடுகிற முறை என்று நினைத்து நானும் இழுத்து விட்டேன். வழக்கத்தைவிடக் கனமான ஓசையோடு முன்னால் போனது. அப்போதுதான் பயம் வந்தது. உடனே மேகசினைக் கழற்றிவிட்டேன். மனதில் ஒரு கணக்குப் போட்டேன்: குண்டு இருக்கிற பெட்டி வெளியே வந்துவிட்டது, ஆகவே உள்ளே குண்டு இல்லை. எவ்வளவு ஒழுங்கான தர்க்கம்! இழுத்து விட்டபோதே ஒரு குண்டு பெட்டியை விட்டு சேம்பருக்குள் ஏறிவிட்டது. மேகசினில் இருந்த குண்டுகளை எண்ணியிருந்தால் ஒன்று குறைவது தெரிந்திருக்கும். எண்ணவில்லை. உள்ளே பார்க்கவும் இல்லை. இடது கையில் சந்தனக் கிண்ணம், வலது கையில் பிஸ்டல். புத்தக அடுக்கின் மேலாக அதைப் பலகைக்குக் கொண்டுபோகும்போது விரல் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது.

ஐந்து நிமிடம் முன்னால் அந்த அடுக்கின் மேல் கவிழ்ந்து உன் நோட்டு அட்டைக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாய். பிஸ்டல் வெடித்தபோது செம்பருத்தி பறிக்கக் கொல்லைக்குப் போயிருந்தாய். என் வாழ்க்கையில் உள்ள நல்லதெல்லாம் அந்தச் செம்பருத்திச் செடிக்குக் கடன்பட்டது.

மோட்டார் அறை வீட்டை ஒட்டித்தானே இருந்தது. அப்பா எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். என் கையிலிருந்து பிஸ்டலை வாங்கினார். இழுத்தார், பார்த்தார், விரல் விட்டார், பார்த்தார். அதன் பிறகுதான், "பாப்பா எங்க?" என்று கேட்டார். அந்தக் குரலை நான் உனக்கு எழுதிக் காட்ட முடியாது. நீ கையில் பூவோடு கொல்லை வாசலில் வந்து நின்றாய். நீ எங்கே என்று தெரியாத அந்த நொடியில்கூட, முதலில் பிஸ்டலைப் பார்த்துவிட்டு, பிறகு உன்னைத் தேடிய மனிதர் அவர். கல்மனம் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்னொரு தடவை வெடிக்காது என்று உறுதியான பிறகுதான் யாரையும் காப்பாற்ற முடியும் என்பது உன் கடிதங்களைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. உன் கையில் நான் கண்ட அதிசயம் என் வீட்டிலேயே இத்தனை வருடமாக இருந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை.

அதற்குள் பக்கத்து வீட்டாரும், சத்தத்தில் அடுக்களையிலேயே பயந்து ஒடுங்கியிருந்த அத்தையும் வந்துவிட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் "நாந்தான்" என்றார். அடுத்த நாள் ஸ்டேஷனுக்கும் அவரே போய் அப்படியே எழுதிக் கொடுத்தார். விசாரணை என்று சில மாதம் பிஸ்டலை வைத்திருந்து, எச்சரித்துத் திருப்பித் தந்தார்கள். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று நான் ஒரே ஒரு முறைதான் கேட்டேன். லோயர் கேம்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, பஸ்ஸுக்காகக் கால்வாய்க் கரையில் நின்றுகொண்டிருந்தோம். "நீ திங்கக்கிழமை காலேஜுல பிள்ளைக முன்னாடி நிக்கணும். நான் திராட்சைக் கொடி முன்னாடிதான நிக்கிறேன், அது என்ன கேக்கவா போகுது?" என்றார். நான் சிரித்தேன். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை, இன்றும் போதவில்லை. ராணுவத்தைவிட்டு வந்த அவரிடம் மிச்சம் இருந்தது கவனமான ஆள் என்ற ஒரு பெயர்தான். அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பதின்மூன்று ஆயுத பூஜைகள் அத்தையின் கேலிக்குச் சிரித்தார். அன்பு என்ற வார்த்தையில் எனக்கு நம்பிக்கை குறைவு. வேறு வார்த்தையும் கிடைக்கவில்லை. அண்ணாந்து பார்க்கத்தான் முடிகிறது.

போன வாரம் நீ சொன்னது இதுதான்: உன் யூனிட்டில் பிஸ்டல் பயிற்சி நடத்தும்போதெல்லாம் ஜவான்களிடம் அப்பாவின் கதையைச் சொல்கிறாய். "ஒரு மேஜரே மறந்துட்டாரு, நீங்க எம்மாத்திரம்னு சொன்னா அப்படியே கேப்பாங்கம்மா" என்றாய். எங்கோ முன்பின் தெரியாத ஊரில், அவரைப் பார்த்திராத பையன்கள், அவரை மறதிக்காரராக மனதில் வைத்துக்கொள்கிறார்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை. நாளைக்குக் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தப் பிஸ்டல் யாருடையது என்று தெரிந்துகொண்டு நீ அதை வாங்க வேண்டும். சேம்பரைப் பார்க்காமல் ஒரு நாளும் விடாதவருடைய பிஸ்டல் அது. என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை என்பது ஒரு காரணம். பத்து வயதுப் பெண்ணிடம் கேட்க வேண்டியதை ஒரு ராணுவ கேப்டனிடம் கேட்பது முறையல்ல என்பது இன்னொன்று.

இது மறுநாள் இரவு வேறு தாளில் எழுதியது.

நீ அந்தத் தாள்களை முற்றத்தில் நின்றபடியே படித்தாய். இரண்டு முறை படித்தாய். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ஆட்டோவக் கூப்பிடவா?" என்றாய். ஸ்டேஷனில் ரைட்டர் துணிப்பையிலிருந்து பிஸ்டலையும் மேகசினையும் எடுத்து மேஜை மேல் வைத்தார். "காலிதாம்மா. ஒரு வருசமா பீரோக்குள்ளயே கெடக்கு, யாரு தொட்டா?" என்றார். நீ அதை எடுத்து, மூலையில் இருந்த மணல் வாளிப் பக்கம் குழல் முனையைத் திருப்பினாய். இழுத்தாய், பார்த்தாய், விரல் விட்டாய், பார்த்தாய். "காலி" என்றாய். பிறகு, மேல்பாகம் திறந்தபடியே இருக்க, கைப்பிடியை என் பக்கம் நீட்டினாய்.

"நீங்க பாருங்கம்மா."

தாள்களைப் படித்த பிறகு என்னிடம் நீ சொன்ன இரண்டாவது வாக்கியம் அது. வாங்கினேன். உன் கையும் என் கையோடு சேர்ந்து அதைப் பிடித்திருந்தது. வெளிச்சத்தில் பார்த்தேன். சுண்டு விரலை விட்டேன். உள்ளே எண்ணெய்ப் பசை, சில்லென்று இரும்பு, வேறொன்றும் இல்லை. மறுபடி பார்த்தேன். "காலி" என்றேன்.

"ஒரு காலித் துப்பாக்கிய எத்தன பேருத்தா பாப்பீக?" என்று ரைட்டர் சிரித்தார்.

"எங்கப்பா பழக்கம் சார்" என்றாய்.

நான் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டு வாசலில் அத்தை மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். உன்னைப் பார்க்கவென்று காலையிலேயே சின்னமனூரிலிருந்து வந்துவிட்டாள். "என்ன, கொண்டாந்துட்டீகளா? இன்னொருக்க சரஸ்வதியச் சுட்றாதீக" என்றாள். நீ நின்றுவிட்டாய். எனக்காக நிற்கிறாய் என்பது தெரிந்தது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "மதினி, அன்னைக்குச் சுட்டது அவுக இல்ல. நான்" என்றேன். அவள் மூளி என்று சொன்னதால் மேகசினைப் போட்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது அவள் தப்பு இல்லை. முறம் அவள் மடியில் அப்படியே இருந்தது. "பதினாலு வருசம்" என்றாள் ஒருவழியாக. "நான் வாய் ஓயாம அவனையில்ல ஏசினேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு மூஞ்சியச் சுளிச்சிருக்கலாம்ல அந்தப் பய." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மொச்சையை அள்ளி முறத்தில் போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

மாலையில் நீ என் புத்தக அலமாரியைத் திறந்து அந்த ஒளியியல் புத்தகத்தை எடுத்தாய். ஜவான்களிடம் காட்ட உன் யூனிட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டாய். குண்டு இன்னும் அதற்குள்தான் இருக்கிறது. அப்பா எடுக்க விடவில்லை. கொண்டு போ என்றேன். முதல் பக்கத்தில் என் பெயர் எழுதியிருந்தது. அதை அழிக்கட்டுமா என்பது போல என்னைப் பார்த்தாய். அப்படியே இருக்கட்டும் என்றேன்.